ஓசூர் மாதா கோயிலின் முட்டிக்கல்

ஞாயிறு காலை 5.40. பர்கூர் பஸ் நிலையம். கையில் ஒரு துணிப்பை. உள்ளே தண்ணீர் பாட்டில், இரண்டு கொய்யா, ஒரு கிளாஸ் மீட்டர். கடைசியாகச் சொன்னது என்ன சாமான் என்று கேட்பீர்கள். பாலிஷ் போட்ட கல்லின் மேல் வைத்தால் அது எவ்வளவு பளபளக்கிறது என்று எண்ணில் காட்டும் கருவி. பட்டறையில் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் பூ, பழம் கொண்டுபோவார்கள். நான் மீட்டர் கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

என் பெயர் வேடியம்மாள். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை. லாரியிலிருந்து இறங்குகிற கல்லை முதலில் பார்ப்பது நான். பாலிஷ் முடிந்து பெட்டிக்குள் போகுமுன் கடைசியாகப் பார்ப்பதும் நான். நான் தலையாட்டாமல் ஒரு கல்லும் வாசல் தாண்டாது. வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்வார்கள். கண் அதைவிட ஜாஸ்தி.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஓசூர் பழைய மாதா கோயிலிலிருந்து எங்களுக்கு ஒரு கல் வந்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஐந்து அங்குல கனம். நூறு வருஷத்துக்கும் மேலான கோயில் அது. ஒரு மழைக்காலத்து மத்தியானம் கூரையும் முன்சுவரும் சரிந்து தரைமட்டமாகிவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மிச்சம் நின்ற சுவர்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த அந்தக் கல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது, மேலெல்லாம் காரை ஒட்டியிருந்தது. கூட வந்த சீட்டில் காரையை எடுத்து மூலையைச் சரிபண்ணித் தரும்படி எழுதியிருந்தது. அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாமி இருக்கிற இடத்துக்குப் போகிற கல். சும்மா சுரண்டிக் கொடுத்தால் பர்கூர்க்காரர்களுக்கு என்ன மரியாதை? முதலாளியிடம் பேசி, ஒரு பைசா வாங்காமல், கல்லில் இருந்த இரண்டு பள்ளம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் எடுத்து, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டு அனுப்பினேன். நுரைத் தாளில் சுற்றி, பலகை அடித்து, வெளிநாட்டுக்குப் போகிற கல்லுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

கோயில் திறந்து ஒரு மாதம் ஆகிறது. அன்றைக்கே போக ஆசை. கன்டெய்னர் ஏற்றுகிற வேலை விடவில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பர்கூரிலிருந்து ஓசூர் ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் ஒருமுறை பஸ் மாற வேண்டும்.

6.20. கிருஷ்ணகிரி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் இதுவரை செலவு பூஜ்யம். பஸ் நிலையத்தில் மூன்று இட்லி, ஒரு வடை, நாற்பத்தெட்டு ரூபாய். இட்லி நன்றாக இருந்தது. கடைக்குள் போட்டிருந்த தரைக்கல் நன்றாக இல்லை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே கரப்பான் குடும்பம் நடத்தலாம். கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சட்னியை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். இந்தப் புத்தி எனக்கு எங்கே போனாலும் கூட வரும். கல்யாண வீட்டில் எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்கள், நான் மண்டபத்துத் தரையைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதனாலேயே என்னோடு வெளியே கிளம்புவதில்லை.

6.45. ஓசூர் பஸ். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் ஒருவரைத் தெலுங்கில் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லி, இன்னொருவருக்குக் கன்னடத்தில் சில்லறை பாக்கி சொல்லி, என்னிடம் தமிழில் எங்கே என்று கேட்டார். மூன்றுக்கும் நடுவே அவர் மூச்சு வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. தென்மாவட்டத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் அப்படி ஒரு தென்மாவட்டத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற வேலை. பதினான்கு வருஷம் ஆகிறதாம். கூட வேலை செய்கிற பெண்ணின் கல்யாணத்துக்காக நேற்று கிருஷ்ணகிரி வந்து, ராத்திரி தங்கி, இப்போது திரும்புகிறாள். நெற்றியில் திருநீறு. நேராக மாதா கோயிலுக்குத்தான் போகிறேன் என்றாள். நானும் அங்கேதான் என்றேன். அப்புறம் என்ன, குருபரப்பள்ளி வருவதற்குள் கொய்யா ஆளுக்கொன்றாகிவிட்டது.

அவள் கிறிஸ்தவப் பெண் இல்லை. ஆனாலும் பதினான்கு வருஷமாக வாரம் தவறாமல் போகிறாள். அந்தக் கோயிலுக்குப் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்களாம். மாதா சிலைக்கு முன்னால் ஒரு கல் இருந்தது, அதற்காகத்தான் எல்லாரும் போவது என்றாள். முட்டிக்கல் என்று பெயராம். எத்தனையோ தலைமுறை முட்டி போட்டு முட்டி போட்டு, அந்தக் கல்லிலேயே இரண்டு குழி விழுந்திருந்ததாம்.

கொய்யாவை மென்றுகொண்டிருந்த என் வாய் நின்றுவிட்டது.

"வந்த புதுசுல ஒரு ரூமுக்குள்ள ஒம்பது பேரு கெடந்தோம்க்கா," என்றாள் இசக்கி. "பாஷை தெரியாது, குளிரு தாங்காது. ஒரு நாளு அந்தக் கோயிலுக்குள்ள போயி முட்டி போட்டேன். என் முட்டி ரெண்டும் அந்தக் குழியில சரியா போயி உக்காந்துட்டு. நமக்கு முன்ன யாரோ இங்கன வந்து அழுதுருக்காவன்னு தோணிச்சு பாத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் ஊருக்கு ஓடிரணும்னு நெனைக்கல."

சரி, இப்போதும் அந்தக் கல் இருக்கிறதா என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் பொய்க் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இல்லை என்றாள். பழைய கல்லைக் கோயில்பிள்ளை மாற்றிவிட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்களாம். கோயில்பிள்ளை என்றால் கோயிலைத் திறந்து மூடி, மணி அடித்து, விளக்கு ஏற்றி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். சவரிமுத்து என்று பெயர். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கோயிலின் சாவி அவரிடம். புதுக் கோயிலில் எல்லாம் புதிதாக இருந்தாலும் அந்த ஒரு கல் மட்டும் வேண்டும் என்று நின்று, இடிபாட்டுக்குள் இறங்கி அதைத் தேடி எடுத்தவரும் அவர்தான். சரிபண்ணி வாங்கி வருகிறேன் என்று அவர் அனுப்பிய கல் போனது. வந்தது வேறு கல். கண்ணாடி மாதிரி ஒரு புதுக்கல். பழையதைப் பெங்களூரில் யாருக்கோ விற்றுவிட்டார் என்று ஒரு பேச்சு. இன்றைக்குப் பூசை முடிந்ததும் கூட்டம் போட்டு அவரிடமிருந்து சாவியை வாங்கப் போகிறார்களாம்.

"அவரு அப்படிச் செஞ்சிருப்பாருன்னு எனக்குத் தோணல," என்றாள் இசக்கி. "ஆனா கல்லு எங்கன்னு கேட்டா யாரு என்ன பதில் சொல்லுவா?"

7.30. சூளகிரி. பேரிகைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொத்தமல்லிக் கட்டுகளோடு ஏறினார்கள். பஸ் முழுக்க வாசனை. இங்கேயே இறங்கி எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் தெரியாது. கோயில்காரர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. மறைப்பானேன், ஒரு காலை எடுத்துப் படிப் பக்கம் வைத்தும்விட்டேன். அதற்குள் ஒரு மல்லிக்கட்டு என் மடியில் வந்து உட்கார்ந்தது. பிடித்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டுக் கட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். சானமாவுக் காடு தாண்டுகிறவரை அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். இசக்கி நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அந்தக் கல் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெறும் மண்ணும் எண்ணெயும் அப்பியிருந்த கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். இரண்டு பள்ளம். இடது பள்ளம் ஏழு மில்லிமீட்டர் ஆழம், வலது பள்ளம் ஒன்பது மில்லி. கல் வெட்டும்போதே வந்த குறை என்று நினைத்தேன். சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டு, உள்ளே பெருக்கல் குறி போட்டு, பத்து மில்லி எடுக்கச் சொல்லி, கல்லோடு போகிற அட்டையில் எழுதினேன். மெஷின் நாற்பது நிமிஷத்தில் எடுத்துவிட்டது.

8.10. ஓசூர். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. பர்கூரில் கல் சுடும், இங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறார்கள். டீ பதினைந்து ரூபாய். பகல் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்து, சந்தைக்குப் பின்னால் பழைய தெருவில் இறங்கினோம்.

கோயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், இதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. பழைய கோயிலின் முகப்பு எப்படி இருந்ததோ அதே மாதிரி மூன்று வளைவு, நடுவே ஒரு கோபுரம். கோபுரத்தில் தொங்குகிற மணி மட்டும் பழையது. விழுந்தபோது விளிம்பில் ஏற்பட்ட கீறலோடு அப்படியே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜன்னல்களில் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி. காலை வெயில் அதன் வழியாக வந்து எதிர்ச் சுவரில் விழுகிறது. தரை நல்ல தரை. குனிந்து பார்த்தேன், ஒரு இணைப்பு கூட விலகவில்லை. இடிந்து கிடந்த இடம் இது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பக்கச் சுவரில் மட்டும் இன்னும் பூச்சு வேலை பாக்கி. கொத்தனார்களின் சாமான்கள் ஒரு மூலையில் படுதா போட்டு மூடியிருந்தன.

பூசை எட்டரைக்கு. கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இசக்கியோடு உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். ஃபாதர் இளவயதுக்காரர். வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம், பழைய கோயிலையே பார்த்ததில்லை. பாட்டு நன்றாக இருந்தது. எனக்குத்தான் ஒன்றிலும் மனசு நிற்கவில்லை.

9.40. பூசை முடிந்தது. மாதா சிலை இடது பக்கத்தில் தனி மாடத்தில் இருக்கிறது. நீலப் புடவை, ரோஜா மாலை. ஓசூர் ரோஜா, கேட்கவே வேண்டாம். சிலைக்கு முன்னால் என் கல்லைத் தேடினேன். சிவப்புக் கம்பளம்தான் விரித்திருந்தது. ஜனங்கள் வந்து, நின்றபடி கும்பிட்டு, போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் முட்டி போடவில்லை.

கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினேன். என் முகம் எனக்கே தெரிந்தது. கை பழக்கதோஷத்தில் பைக்குள் போய் மீட்டரை எடுத்து வைத்துவிட்டது. தொண்ணூற்று நான்கு காட்டியது. எங்கள் பட்டறையில் தொண்ணூறு வந்தாலே டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த எண்ணை வேறு யாரும் பார்ப்பதற்குள் மீட்டரை அணைத்தேன்.

"என்னம்மா அது?" என்று பின்னால் ஒரு குரல். வெள்ளைச் சட்டை, வேட்டி, இடுப்பில் கனமான சாவிக்கொத்து. அறுபதுக்குக் கிட்டத்தில் வயது. சொல்லாமலே தெரிந்தது, சவரிமுத்து.

பர்கூர் பட்டறையிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் முகம் மாறவில்லை. கம்பளத்தை மெதுவாக இறக்கிவிட்டு, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். கல் வந்து பலகையைப் பிரித்த அன்றைக்கே பட்டறைக்குப் போன் பண்ணினாராம். இரண்டு தடவை. சும்மா பாலிஷ் போட்டுக் கொடுத்ததற்குக் குறை வேறு சொல்கிறீர்களா என்று ஆபீசில் யாரோ வைத்துவிட்டார்களாம். அது என் காதுக்கு வரவே இல்லை. ஒரு அம்மா முட்டி போட்டு எழுந்திருக்கும்போது வழுக்கி விழப் பார்த்ததால் கம்பளம் போட்டு மூடினாராம். மூடியதும் எதையோ மறைக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

இது அதே கல்தான் என்று ஜனங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"மொத நாளே சொன்னேம்மா," என்றார். "முகம் பாக்கிற கல்லைக் காட்டி இதுதான் உங்க பாட்டன் முட்டி போட்ட கல்லுன்னு சொன்னா, நீங்க நம்புவீங்களா?"

நம்பமாட்டேன். என் செக்கிங்குக்கு அப்படி ஒருவர் வந்து சொன்னால் கல்லோடு சேர்த்து ஆளையும் திருப்பி அனுப்பியிருப்பேன். பழைய கல்லின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சிலையைப் படம் எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தரையை யார் எடுப்பார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. யார் எடுப்பார்கள் என்றால், நான் எடுப்பேன். வருகிற ஒவ்வொரு கல்லையும், குறை எங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டு, அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பது என் வேலை. எட்டு மாதத்துப் படமும் போனிலேயே கிடக்கும், அழிக்கச் சோம்பல்.

படத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில். அவற்றின் மேல் சிவப்பு வட்டம், பெருக்கல் குறி, என் கையெழுத்து. சவரிமுத்து போனை வாங்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"மறுபடி பாப்பேன்னு நெனைக்கல," என்றார்.

10.15. கோயிலுக்குள்ளேயே முன் பெஞ்சுகளில் கூட்டம். நூறு பேராவது இருப்பார்கள். நானும் இசக்கியும் ஒரு தூணோரம் நின்றோம். பொறுப்பில் இருந்த ஒருவர் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை, அளந்துதான் பேசினார். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, ஆனால் கோயில் பொருளுக்கு ஒரு பதில் வேண்டும், அது கிடைக்கிறவரை சாவி ஃபாதரிடம் இருக்கட்டும் என்றார். பலபேர் தலையாட்டினார்கள். சவரிமுத்து எழுந்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு அவிழவில்லை. முப்பத்தோரு வருஷத்து முடிச்சு. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கலாம்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. பர்கூர் சின்ன ஊர். கோயில் கல்லைக் கெடுத்தவள் என்று பெயர் வந்தால் நாளைக்கு என் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு? அந்த மதிப்பைத் தவிர என்னிடம் வேறு சொத்தும் இல்லை. மெஷின் தப்பு என்று சொல்லலாம். எழுதி அனுப்பிய சீட்டு சரியில்லை என்று சொல்லலாம். வாய் உள்ள பிள்ளைதானே நான், எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த மனுஷர் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு எதைச் சமாளிப்பது?

"அவர் கல்லை மாத்தலைங்க," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இது அதே கல்லு. கெடுத்தது நான்."

நெற்றியில் குங்குமத்தோடு யாரோ ஒரு பொம்பளை நடுவே வந்து நின்றால் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படிப் பார்த்தார்கள். யார், எந்த ஊர், என்ன வேலை, எல்லாம் சொன்னேன். காரையை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், நான்தான் என் இஷ்டத்துக்குப் பள்ளத்தை எடுத்தேன், மெஷின்காரர் மேல் குற்றம் இல்லை, அட்டையில் எழுதியது என் கை என்றேன். போனை ஃபாதரிடம் கொடுத்தேன். பிறகு நேரே போய்க் கம்பளத்தை முழுக்கச் சுருட்டி எடுத்தேன்.

அந்தக் கல்லில் குறுக்கே ஒரு வெள்ளை நரம்பு ஓடுகிறது. ஒரு முனையில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். படத்தில் அது இரண்டு பள்ளத்துக்கும் நடுவே ஓடுகிறது. தரையில் கிடக்கிற கல்லிலும் அதே இடம், அதே கவட்டை. மேலே பத்து மில்லி போனாலும் நரம்பு போகாது, வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் உள்ளே வளையம் தெரிகிற மாதிரி என்று விளக்கினேன். விளக்கத்தை யாரும் ரொம்பக் கேட்கவில்லை. போன் அதற்குள் பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தது. வயதான ஒரு அம்மா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"இது மேல எதுக்கும்மா பெருக்கல் குறி?"

"குறைன்னு நெனைச்சேங்க," என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. நான் அழுது என் பிள்ளைகளே பார்த்ததில்லை.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் திட்டினார், நன்றாகவே திட்டினார், கன்னடத்தில். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். வாங்கிக்கொண்டேன். பொறுப்பில் இருந்தவர் எழுந்து சவரிமுத்துவின் பக்கத்தில் போய், அவிழ்ந்தும் அவிழாமலும் தொங்கிய சாவியை அவரே திரும்ப முடிச்சுப் போட்டுவிட்டு, மன்னிச்சுக்கங்க என்றார். சவரிமுத்து, மத்தியான மணி அடிக்க நேரமாகிவிடும், வெள்ளை அடித்த இடத்தில் யாரும் சாய வேண்டாம் என்று கூட்டத்தைக் கலைத்தார். அதுதான் அவர் பேசிய மொத்தமும்.

11.00. எனக்குத் திரும்பத் தெம்பு வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை நான். சவரிமுத்துவிடம் போய், ஒரு நாள் கொடுங்கள் அண்ணா, படத்தில் இருக்கிற அளவுக்கு ஏழு மில்லி, ஒன்பது மில்லி, இரண்டு பள்ளமும் மெஷினில் போட்டு எடுத்துவந்து பதித்துத் தருகிறேன், ஒரு நூல் மாறாது என்றேன். மாறாது என்பது உண்மை.

"வேணாம்மா," என்றார். "அது உங்க பள்ளமாத்தான் இருக்கும்."

பள்ளத்தை விட்டுவிட்டேன். ஆனால் வழுக்குகிற கல்லை அப்படியே விட்டுப்போக என் கை ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சு வேலை நடக்கிற மூலையில் கொத்தனார் சாமான்களைக் கிளறினேன். தரை தேய்க்கிற சாணைக்கல் ஒன்று கிடைத்தது. ஒரு வாளி தண்ணீர் வாங்கிக்கொண்டு, மாதாவுக்கு முன்னால் உட்கார்ந்து, நானே போட்ட பாலிஷைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தேன். உட்கார்ந்து தேய்த்தால் கைக்குப் பலம் வரவில்லை. முட்டி போட்டால்தான் உடம்புப் பாரம் கைக்கு இறங்குகிறது. சாம்பல் நிறத்தில் சேறு கிளம்பி ஓடியது. இசக்கி தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் தேய்த்தேன்.

தேய்க்கும்போது ஒன்று புரிந்தது. கருங்கல்லை முட்டி தேய்க்காது, தேய்க்கவும் முடியாது. முட்டியோடு ஒட்டிவருகிற தெரு மண்தான் தேய்க்கும். எங்கள் பட்டறையிலும் அதே வேலைதான், கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே பொடி. பேரிகைத் தோட்டத்து மண், சந்தை மண், தொழிற்சாலை வாசல் மண் என்று இந்த ஜனங்கள் கொண்டுவந்து கொண்டுவந்து இரண்டு குழி எடுத்திருக்கிறார்கள். என்னைவிட நல்ல வேலைக்காரர்கள். நானோ அதன் மேல் பெருக்கல் குறி போட்டேன். வெட்கமாக இருந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. யார் பேரில் பெருமை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

12.20. பளபளப்பு போய்விட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஆறு. கை வைத்தால் கையைப் பிடிக்கிறது. தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன், வழுக்கவில்லை. சவரிமுத்து வந்து கம்பளத்தை மடித்து அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். கல் காய்வதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்த அம்மா முதல் ஆள். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஈரக்கல்லில் முட்டி போட்டார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. இசக்கியும் நின்றாள். அவள் முறை வந்தபோது கொஞ்சம் இடம் பார்த்துத் தடவினாள், பழைய இடம் எது என்று தேடுகிற மாதிரி. கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று உட்கார்ந்தாள்.

நான் கும்பிடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே முட்டி போட்டாயிற்று, அது போதும் என்று பட்டது.

1.30. ஓசூர் பஸ் நிலையம். இரண்டு முட்டியிலும் புடவை சாம்பல் பூத்திருந்தது. உதறினால் போகவில்லை. கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் பர்கூரில் கல்லை எடுக்கிறோம், அறுக்கிறோம், கப்பலில் ஏற்றுகிறோம். ஒரு கல்லுக்கு அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று பார்க்கப் போனவர் எங்களில் யாரும் இல்லை. நாளைக்குக் காலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன், அதில் பயமில்லை. வேலையை விட்டு நிறுத்தமாட்டார். நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம்.

இசக்கி வழியனுப்ப வந்திருந்தாள். அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். சவரிமுத்துவுக்கும் வேண்டுமாம், பெரிதாகப் போட்டு மாட்டப் போகிறாராம், சிவப்புக் குறியோடு. இருக்கட்டும் என்றேன். பஸ் நகரத் தொடங்கியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ஏக்கா, ஒங்களுக்குத்தான் கல்லைப் பத்தி எல்லாம் தெரியும்லா. திரும்பக் குழி விழ எத்தனை வருசம் ஆகும்?"

எனக்குத் தெரியும். கல்லின் கடினம், தேய்மானம், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று போட்டால் ஒரு கணக்கு வரும். நான் பார்க்கமாட்டேன், அவள் பார்க்கமாட்டாள், அவள் பேரப்பிள்ளைகளும் பார்க்கமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக எது கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொன்னவள் நான். அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

"நீ வந்துகிட்டே இரு," என்றேன்.